வெயில் பட்டியலில் இன்னோர் எண்ணும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை பிறந்துவிட்டால் உங்கள் நாளிதழில் நான் முதலில் தேடுவது வெயில் பட்டியலைத்தான். எந்தெந்த ஊரில் வெயில் சதம் அடித்தது, எந்த ஊர் முதலிடம் என்று தினமும் போடுகிறீர்கள். எங்கள் தெரு டீக்கடையில் அதைச் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் மற்றச் செய்திக்குப் போவார்கள். அந்தப் பட்டியலில் ஓர் எண் இல்லை. அது இல்லாததால் போன சித்திரையில் எங்கள் குடும்பத்தில் ஒரு கஷ்டம் வந்தது. அந்த எண்ணையும் சேர்த்துப் போடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் ராஜபாளையத்துக்காரன். இங்கே ஒரு நூற்பாலையின் ஹியூமிடிட்டி பிளான்ட்டில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்படி ஒரு பிரிவு இருப்பதே ஆலைக்கு வெளியே பலருக்குத் தெரியாது. பஞ்சுக்கும் நூலுக்கும் காற்றில் இவ்வளவு ஈரம் வேண்டும் என்று கணக்கு உண்டு. காற்று காய்ந்துபோனால் நூல் அறுந்துகொண்டே இருக்கும், பஞ்சுத் தூசி பறக்கும். ஈரம் கூடிப்போனால் பஞ்சு ரோலரில் சுற்றிக்கொள்ளும். நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரம் ஓடும் இடத்தில் ஈரப்பதம் 55-லிருந்து 60 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். அதை அப்படி நிறுத்தி வைப்பதுதான் எங்கள் வேலை. ஓர் அறை முழுக்கத் தண்ணீரைப் பொடிப்பொடியாகத் தெளிக்கும் நாசில்கள் இருக்கும். வெளிக்காற்றைப் பெரிய விசிறிகளால் இழுத்து அந்தத் தூறலுக்குள் புகுத்தி ஆலைக்குள் அனுப்புவோம். நல்ல வறண்ட கோடையில் 40 டிகிரி செல்சியஸில் நுழையும் காற்று 26, 27 டிகிரியாக வெளியே வரும். ஐஸ் இல்லை, கம்ப்ரஸர் இல்லை, வெறும் தண்ணீர்தான். வீட்டில் வைக்கும் ஏர் கூலரும் இதே வேலையைச் சின்ன அளவில் செய்கிறது.

எங்கள் வீட்டில் ஐந்து வருஷமாக ஒரு கூலர் ஓடுகிறது. ஜன்னலுக்கு வெளியே ஸ்டாண்டு போட்டு வைத்திருக்கிறேன். மத்தியான வெயிலில் வீட்டுக்குள் வருகிறவர்கள் ‘ஏசி போட்டிருக்கீங்களா?’ என்று கேட்பார்கள். போன பங்குனியில் அக்கா மகன் திருப்பூரிலிருந்து வந்து இரண்டு நாள் தங்கினான். அந்தக் காற்றில் நன்றாகத் தூங்கி எழுந்தான். அவனுடைய அம்மா, என் அக்கா, தூத்துக்குடி முத்தையாபுரத்தில் தனியாக இருக்கிறாள். வயது 74. பையனுக்கு அம்மாவை நினைத்துக் கவலை இருக்கும்தானே. உங்கள் பட்டியலைப் பார்த்திருக்கிறான். அதில் மதுரை 104 பாரன்ஹீட்; சதம் அடிக்காத தூத்துக்குடி அதில் இல்லை, வேறு இடத்தில் பார்த்தது 95. ‘மாமா வீட்டுப் பக்கம் 104-லயே இப்படி ஜில்லுனு இருக்கு, அம்மா ஊர் 95தானே, இன்னும் நல்லாவே இருக்கும்’ என்று கணக்குப் போட்டிருக்கிறான். அந்த இரண்டு எண்ணை மட்டும் பார்க்கிற யாரும் அப்படித்தான் போடுவார்கள். கடையில் விசாரித்திருக்கிறான். எத்தனை லிட்டர் டேங்க், எத்தனை அடி தூரம் காற்று வரும், ஐஸ் போடத் தனி அறை இருக்கிறது, எல்லாம் சொல்லியிருக்கிறார்கள். எந்த ஊருக்கு என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. பெட்டியின் மேலே ‘டெசர்ட் கூலர்’ என்றே அச்சடித்திருந்தது. பாலைவனக் கூலர். வாங்கினவர்களும் விற்றவர்களும் நின்று யோசித்திருந்தால் அந்தப் பெயரே சேதி சொல்லியிருக்கும்.

அக்கினி நட்சத்திரம் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருக்கும். காலையில் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. அக்கா மயங்கி விழுந்துவிட்டாள், மருத்துவமனையில் குளுகோஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள், இப்போது பரவாயில்லை, ஆனால் நீங்கள் வந்து பார்த்தால் நல்லது என்றார்கள். அன்றைக்கு மத்தியானமே போய்விட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஜன்னல், கதவு எல்லாம் சாத்தியிருந்தது. குளிர்ந்த காற்று வெளியே போய்விடக் கூடாது என்று சாத்தச் சொன்னார்களாம். அறை மூலையில் கூலர் ஓடிக்கொண்டிருந்தது. சுவர் வியர்த்திருந்தது. கட்டில் விரிப்பைத் தொட்டால் கையில் பிசுபிசுத்தது. அக்கா முகத்திலும் கழுத்திலும் வேர்வை முத்துமுத்தாக நின்றதே தவிர காயவில்லை. “தம்பி, இது காத்தே இல்ல. ஈரத்துணியால மூஞ்சில அடிக்கிற மாதிரி இருக்கு. பையன் ஆசையா வாங்கிக் குடுத்தது, நிறுத்த மனசு வரல” என்றாள். நான் முதலில் கூலரின் தண்ணீர் பம்ப்பை நிறுத்தினேன். அப்புறம் ஜன்னல் இரண்டையும் திறந்தேன். வெறும் விசிறிக் காற்றிலேயே பத்து நிமிஷத்தில் அக்கா முகம் தெளிந்தது.

அடுக்களைக்குப் போய்க் குடிக்கத் தண்ணீர் எடுத்தபோது உப்பு ஜாடியைப் பார்த்தேன். கல்லுப்பு கசிந்து அடியில் தண்ணீராக நின்றது. சாதாரண உப்பு, காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். சுத்திகரிக்காத கல்லுப்பு அதற்கு முன்னாலேயே கசியும். டப்பாவில் அப்பளம் நமுத்துப்போயிருந்தது. அந்த வீட்டில் ஈரம் எவ்வளவு என்று சொல்ல வேறு கருவி தேவைப்படவில்லை.

ஆனாலும் எனக்குப் பழக்கம் விடவில்லை. ஆலையில் ஒரு மரச்சட்டத்தில் இரண்டு தெர்மாமீட்டர் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். ஒன்று சும்மா இருக்கும், அதை உலர் குமிழ் என்போம். இன்னொன்றின் குமிழில் மல் துணி சுற்றி, துணியின் வால் ஒரு சின்னத் தண்ணீர்க் குப்பிக்குள் இறங்கியிருக்கும், அது ஈரக் குமிழ். ஈரத்துணியிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போவதால் ஈரக் குமிழ் எப்போதும் கொஞ்சம் கீழே காட்டும். காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு கீழே இறங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து அட்டவணையில் ஈரப்பதத்தைப் படித்து ஒவ்வொரு ஷிப்டிலும் நோட்டில் எழுதுவோம். கையில் பிடித்துக் கிலுகிலுப்பை மாதிரி சுழற்றிப் பார்க்கும் கருவியும் உண்டு.

மறுநாள் தூத்துக்குடி பஜாரில் இரண்டு சாதாரணத் தெர்மாமீட்டர் வாங்கினேன். ஒன்றின் அடியில் அக்காவின் பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றி, நூலால் கட்டி, வாலைத் தண்ணீர் டம்ளரில் விட்டேன். வாசல் திண்ணையில் நிழலில் தொங்கவிட்டு, மேஜை விசிறியை அதன் மேல் திருப்பினேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் 3 மணிக்கு உலர் குமிழ் 35 டிகிரி செல்சியஸ், ஈரக் குமிழ் 29. வித்தியாசம் ஆறே டிகிரி. ஊருக்குத் திரும்பியதும் இங்கேயும் அதே மாதிரி கட்டிப் பார்த்தேன். 3 மணிக்கு உலர் குமிழ் 39, ஈரக் குமிழ் 25. வித்தியாசம் பதினாலு.

கூலர் விஷயம் மொத்தமும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. நல்ல தேன்கூடு அட்டை போட்ட, நனைவு சீராக இருக்கிற கூலர் இந்த வித்தியாசத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கைக் குறைத்துக் கொடுக்கும். ராஜபாளையத்தில் பதினாலில் முக்கால் பங்கு என்றால் பத்தரை டிகிரி. 39-ல் போகும் காற்று 28, 29-ஆக வரும். தூத்துக்குடியில் ஆறில் முக்கால் பங்கு நாலரை. 35-ல் போகும் காற்று 30-க்கு மேலேதான் வரும். அந்த நாலரை டிகிரிக்கு விலையாக அறைக்குள் ஈரத்தை நிரப்பிவிடும். ஈரக் குமிழ் காட்டும் எண்ணுக்குக் கீழே இந்த மாதிரி கூலரால் காற்றைக் குளிர்விக்கவே முடியாது. டேங்க் பெரிசா சின்னதா, விலை அதிகமா குறைச்சலா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

டேங்க்கைப் பார்த்தாலும் இது தெரியும். எங்கள் வீட்டில் மத்தியானம் 40 லிட்டர் நிரப்பினால் சாயங்காலம் மறுபடி குடம் தூக்க வேண்டும். அக்கா வீட்டில் மத்தியானம் நிரப்பியது இருட்டும்போது பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது. பையன் அதைக் கேட்டுவிட்டு ‘தண்ணி செலவு கம்மியா இருக்கே’ என்று சந்தோஷப்பட்டிருக்கிறான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 கிலோஜூல் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. தண்ணீர் குறையவில்லை என்றால் சூடும் போகவில்லை என்றுதான் அர்த்தம்.

ஐஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைகளில் இதைத்தான் பெரிசாகச் சொல்கிறார்கள். தூத்துக்குடியில் ஐஸுக்குப் பஞ்சம் இல்லை. மீனுக்கு உடைக்கிற ஐஸைப் பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். அக்காவும் தினமும் பத்துக் கிலோ வாங்கிப் போட்டிருக்கிறாள். ஒரு கிலோ ஐஸ் உருக எடுக்கும் சூடு 334 கிலோஜூல்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாவதில் ஏழில் ஒரு பங்கு. ஏசிக்கு ‘ஒரு டன்’, ‘ஒன்றரை டன்’ என்று சொல்கிறோமே, அந்த டன்னே ஐஸ் கணக்கிலிருந்து வந்ததுதான். ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு சூடு தேவையோ அவ்வளவு சூட்டை வெளியேற்றினால் அது ஒரு டன் ஏசி. பத்துக் கிலோ ஐஸ் உருகி, அந்தத் தண்ணீர் அறைச் சூட்டுக்கு வருவது வரை சேர்த்துப் பார்த்தாலும், ஒரு டன் ஏசி ஏறக்குறைய 20 நிமிஷம் ஓடினதற்குச் சமம். பென்ஷன் பணத்தில் அக்கா தினமும் அந்த இருபது நிமிஷத்தை வாங்கியிருக்கிறாள். முதல் அரை மணி நேரம் காற்று சில்லென்று இருக்கும். அதை நம்பித்தான் மறுநாளும் வாங்கத் தோன்றும்.

அக்கா இன்னொன்று சொன்னாள். அதை நான் மறக்கவே மாட்டேன். “கல்யாணமாகி இங்க வந்த வருஷமே நான் சொன்னேன். நம்ம ஊர்ப் பானைத் தண்ணி மாதிரி இங்க பானைத் தண்ணி குளுராது. உங்க அத்தான் பானை சரியில்லன்னு மூணு பானை மாத்திக் குடுத்தாரு.” பானையில் குற்றம் இல்லை. மண்பானை உடம்பெல்லாம் கசிந்து, அந்தக் கசிவு ஆவியாகித்தான் உள்ளே தண்ணீர் குளிர்கிறது. மல் துணி சுற்றிய தெர்மாமீட்டரும் பானையும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் கசிவு காயாது, வெறுமனே வழிந்து பிரிமணையை நனைக்கும். ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே அக்கா ஈரக் குமிழைப் படித்துச் சொல்லியிருக்கிறாள், நாங்கள்தான் காதில் வாங்கவில்லை. எங்கள் அம்மா வீட்டில் கோடையில் ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பார்கள். அறையெல்லாம் வாசனையோடு குளிர்ந்துவிடும். அதே தட்டியைக் கடற்கரை ஊரில் கட்டினால் வாசனை வரும், குளிர்ச்சி பேருக்குத்தான்.

நம் உடம்பும் இதே கணக்கில்தான் குளிர்கிறது. வேர்வை வடிவதால் உடம்பு குளிர்வதில்லை, வேர்வை காய்வதால் குளிர்கிறது. ஈரக் குமிழ் 35 டிகிரியைத் தொட்டுவிட்டால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் திடகாத்திரமான ஆளுக்குக்கூட உடம்புச் சூட்டை வெளியே தள்ள வழியில்லை என்று சொல்கிறார்கள். வயதானவர்களுக்கு வேர்வையே குறைவு. அவர்கள் அதற்கு வெகு முன்பாகவே தளர்ந்துவிடுவார்கள். ஈரக் குமிழ் 29-ல் இருக்கும் ஊரில் ஒரு மூதாட்டியை மூடிய அறைக்குள் உட்கார வைத்து, ஈரத்தையும் ஊதிவிட்டால் என்ன ஆகும்? அதுதான் அக்காவுக்கு ஆனது. கூலருக்கு எப்போதும் வெளிக்காற்று உள்ளே வர ஒரு வழியும், ஈரக்காற்று வெளியே போக எதிர்ப்பக்கம் ஒரு வழியும் வேண்டும். கதவைச் சாத்துவது ஏசிக்கு. கூலருக்குத் திறக்க வேண்டும். வறண்ட ஊரிலும் இதே விதிதான்.

சரி, கடலோரம் என்றால் கூலரே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அக்காவின் எதிர்வீட்டுக்காரர், முப்பது வருஷமாக உப்பளத்தில் வேலை பார்ப்பவர். நான் திண்ணையில் தெர்மாமீட்டர் கட்டிவைத்துப் பார்ப்பதைக் கண்டு வந்து உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னேன். “அண்ணாச்சி, இதுக்கு எதுக்குக் கருவி? கச்சான் அடிச்சா உப்பு விளையும், கொண்டல் அடிச்சா தண்ணி பாத்தியிலயே நிக்கும். உங்க மெஷினுக்கும் அதே கணக்குதான” என்றார். கச்சான் மேற்கிலிருந்து, மலையைத் தாண்டி, நிலத்தின் மேலாக வரும் காற்று. கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் காய்ந்து இறங்குகிறது. கொண்டல் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு கிழக்கிலிருந்து வருகிறது. உப்பளக்காரரின் கூலி ஆவியாதலில் இருக்கிறது, அதனால் அவருக்குக் காற்றின் ஈரம் தோலிலேயே தெரிகிறது.

அவர் சொன்னதை ஆனி மாதம் போய்ச் சோதித்துப் பார்த்தேன். தெருவெல்லாம் புழுதி பறக்கக் கச்சான் அடித்தது. மத்தியானம் உலர் குமிழ் 38, ஈரக் குமிழ் 26. வித்தியாசம் பன்னிரண்டு! கூலரை ஜன்னலோரம் வைத்து, எதிர் ஜன்னலைத் திறந்துவிட்டுப் போட்டோம். அக்கா போர்வை கேட்டாள். ஒரே வீடு, ஒரே கூலர், ஒரே அறை. சித்திரையில் ஆளை மயக்கம் போட வைத்தது, ஆனியில் தூங்க வைத்தது. இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் பட்டியல்படி அந்த ஆனி நாள்தான் அதிக வெயில் நாள், சித்திரையில் அக்கா விழுந்த நாள் சதத்துக்குக் கீழே.

சென்னையிலும் இதேதான். மேற்குக் காற்று பலமாக இருந்து கடல்காற்று உள்ளே வரத் தாமதமாகும் நாள்களில்தான் அங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதும் 2003 மே 31 அன்று, அந்தக் கோடைக் கடைசியில்தான். அப்படிப்பட்ட வறண்ட மத்தியானங்களில் சென்னையிலும் கூலர் நன்றாகவே வேலை செய்யும். கடல்காற்று நுழைந்ததும் வெயில் இறங்கும், புழுக்கம் ஏறும். அப்போது பம்ப்பை நிறுத்திவிட்டு விசிறியை மட்டும் ஓட்ட வேண்டும். ஆலையில் ஐப்பசி அடைமழையின்போது நாங்களும் அதைத்தான் செய்தோம். தெளிப்பை நிறுத்திவிட்டு விசிறியை மட்டும் ஓட்டுவோம். பெரும்பாலான கூலர்களில் பம்ப்புக்குத் தனி சுவிட்சு இருக்கிறது. அது எதற்கு என்று வாங்குகிறவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். சில நாள் நீங்கள் ஈரப்பதத்தையும் போடுகிறீர்கள். அது பெரும்பாலும் காலை 8.30 மணிக்கு எடுத்ததும், மாலை 5.30 மணிக்கு எடுத்ததும். காலை எண்ணைப் பார்த்தால் ராஜபாளையமும் தூத்துக்குடியும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தோன்றும். விடிகாலையில் எங்கள் ஊரிலேயே 70 சதவீதம் இருக்கும். அதே காற்று, அதே ஈரம், மத்தியானம் சூடு ஏறியதும் 30 சதவீதத்துக்கு வந்துவிடும். சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும் என்பதால் சதவீதம் மட்டும் விழுகிறது. அதனால் சதவீதத்தைத் தனியாகப் போட்டால் படிக்கிறவர் ஏமாந்துபோவார். ராத்திரிக்கும் இதே கதைதான். சூடு இறங்க இறங்கச் சதவீதம் ஏறும், கூலரின் பலன் குறையும். ராத்திரி முழுக்கப் பம்ப் ஓடுவதில் கடலோரத்தில் ஒரு பயனும் இல்லை.

ஆகவே நான் கேட்பது சதவீதம் அல்ல, ஈரக் குமிழ் வெப்பநிலை. ‘மதுரை: வெயில் 40, ஈரக் குமிழ் 25. தூத்துக்குடி: வெயில் 35, ஈரக் குமிழ் 29.’ இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் போதும். வித்தியாசம் பத்துக்கு மேலே இருந்தால் கூலர் போடலாம், ஆறு ஏழுக்குக் கீழே என்றால் விசிறி போதும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடப் பாட்டிக்குக் கணக்குப் போட்டுச் சொல்லும். இதற்காக யாரும் புதிதாக அளக்க வேண்டியதில்லை. வானிலை நிலையங்களில் வெள்ளை வர்ணம் அடித்த, பக்கங்களில் சட்டம் வைத்த மரப்பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் அதிகபட்சம் காட்டுவது ஒன்று, குறைந்தபட்சம் காட்டுவது ஒன்று, உலர் குமிழ் ஒன்று, ஈரக் குமிழ் ஒன்று என்று நான்கு தெர்மாமீட்டர்கள் காலங்காலமாக இருக்கின்றன. முக்கிய நிலையங்களில் மத்தியானம் 2.30 மணிக்கும் எடுக்கிறார்கள். அந்த நாலில் இரண்டை மட்டும்தான் பத்திரிகைகள் கேட்டு வாங்கிப் போடுகின்றன. வெப்பமும் ஈரப்பதமும் ஒருசேர அதிகமாக இருந்தால் அசௌகரியம் ஏற்படலாம் என்று சென்னை வானிலை ஆய்வு மையம் கோடையில் அறிக்கை தருகிறது. நீங்களும் அதை ஓர் ஓரத்தில் போடுகிறீர்கள். எந்த ஊரில், எவ்வளவு என்பதுதான் படிக்கிறவருக்குத் தேவை.

ஆலையில் நான் வேலை பார்த்த காலத்தில் 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு எங்கள் பிளான்ட்டைக் கட்டுப்படுத்தியது. காற்றில் ஈரம் ஏற்றப் பயன்படுத்தும் தண்ணீர் குடிநீராகவோ சுத்திகரித்ததாகவோ இருக்க வேண்டும் என்றது அது. ஈரத்தை அளந்து பதிவு செய்ய விதிகள் இருந்தன. உலர் குமிழ் இவ்வளவு இருக்கும்போது ஈரக் குமிழ் இவ்வளவுக்கு மேலே போனால் செயற்கையாக ஈரம் ஏற்றக் கூடாது என்று அட்டவணையே இருந்தது. அதைத் தாண்டக் கூடாது என்று சூப்பர்வைசர் அடிக்கடி வந்து நோட்டைப் பார்ப்பார். உள்ளே வேலை செய்யும் தொழிலாளிகளுக்கு மூச்சு முட்டக் கூடாது, உடம்பு தளரக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு அது. எட்டு மணி நேரம் ஆலையில் நிற்கிறவர்களுக்கு அந்த அக்கறை இருந்தது. வீட்டுக்குள் இருபத்துநாலு மணி நேரமும் கிடக்கும் வயதானவர்களுக்கு அதில் ஓர் எண்ணாவது கிடைக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

கூலர் விற்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கடை கடலோர ஊரில் இருந்தால், இது எந்த மாதத்தில் எந்தக் காற்றுக்குப் பயன்படும் என்று ஒரு வார்த்தை சொல்லி விற்றுவிடுங்கள். அப்படிச் சொன்னால் விற்பனை குறையலாம்தான். ஆனால் வாங்கியவர் அடுத்த வருஷமும் உங்கள் கடைக்கு வருவார். வைத்திருப்பவர்கள் வாரத்துக்கு ஒருமுறை டேங்க்கைக் கவிழ்த்து, தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இந்த மாதிரித் தேங்கின நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் அட்டையில் வெள்ளையாகப் படிந்து ஒரே வருஷத்தில் கெட்டிப்பட்டுப் போகும், அப்புறம் வறண்ட நாளில்கூடக் காற்று குளிராது.

அக்கா இப்போது நன்றாக இருக்கிறாள். கூலரைத் துடைத்து, பழைய சேலையால் மூடி, ஆனி பிறக்கட்டும் என்று பின்கட்டில் வைத்திருக்கிறோம். சித்திரைக்கு இரண்டு ஜன்னலும் திறந்து, மேஜை விசிறி போட்டு, கழுத்திலும் கையிலும் தண்ணீர் தொட்டுத் துடைத்துக்கொள்கிறாள். தெர்மாமீட்டர் இரண்டையும் திண்ணைத் தூணில் நிரந்தரமாகக் கட்டிவிட்டேன். தினமும் சாயங்காலம் போன் செய்து அக்கா மூணு மணி அளவைச் சொல்கிறாள், நான் பழைய ஷிப்டு நோட்டில் எழுதி வைக்கிறேன். நேற்று 34, 29. உங்கள் பட்டியலில் தூத்துக்குடி நேற்று வரவில்லை, சதம் அடிக்காததால்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூற்பாலைத் தொழிலாளி,
ராஜபாளையம்.